26 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனா: மின்சாரத்தை எங்கே மிச்சம் பிடிப்பது?

கதிர்_ஆர்எஃப்: ஆய்வகத்தில் 5ஜி செல்போன் நிலையத்துக்காக 64 உறுப்புகள் (சிறு ஆன்டெனாக்கள்) கொண்ட ஆன்டெனா பலகை வடிவமைக்கிறோம். ஒவ்வோர் உறுப்புக்கும் தனி ஏடிசி (வரும் சிக்னலை எண்களாக மாற்றும் சுற்று) வைத்தால் மின்செலவு கட்டுப்படியாகாது. ஹைப்ரிட் பீம்ஃபார்மிங்தான், அதாவது அலையைத் திசைப்படுத்தும் வேலையை அனலாக், டிஜிட்டல் சுற்றுகளுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான், ஒரே வழி என்பது என் கட்சி: 8 பிட் ஏடிசியுடன் 4 ஆர்எஃப் செயின் (ஆன்டெனாவிலிருந்து ஏடிசி வரையான சுற்றுத்தொடர்) போதும், மீதியை ஃபேஸ் ஷிஃப்டர்கள் (அலையின் கட்டத்தைத் தள்ளித் திசை திருப்பும் சுற்றுகள்) பார்த்துக்கொள்ளும். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

தேன்மொழி: நான் மறுக்கிறேன். ஏடிசி எண்ணிக்கையை விடுங்கள், பிட்டை, அதாவது ஏடிசி அளக்கும் நுணுக்கத்தை, குறையுங்கள். ஒரு பிட் கூடினால் ஏடிசியின் மின்செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அப்படியானால் 4 பிட் ஏடிசி 64 வைத்தாலும், உங்கள் 8 பிட் ஏடிசி நான்குக்கு ஆகும் செலவுதான். போட்டுப் பாருங்கள். சிக்னல் பலவீனமாக இருந்தால் ஒரே பிட்டில்கூட இழப்பு 2 டெசிபலைத் தாண்டாது. ஃபேஸ் ஷிஃப்டரில் தொலையும் சிக்னல் வலிமையை ஈடுகட்ட நீங்கள் சேர்க்கும் ஆம்ப்ளிஃபையர்களையும் கணக்கில் எடுங்கள்.

கதிர்_ஆர்எஃப்: ஏடிசி கணக்கு சரி. ஆனால் அதிலிருந்து வரும் தரவு? உங்களுக்கு ஒரு சாம்பிளுக்கு 256 பிட், எனக்கு 32. எட்டு மடங்கு தரவைச் சுமந்து செயலாக்க மின்சாரம் வேண்டாமா? உங்கள் பலகையில் 64 மிக்சர்களும் (அதிர்வெண்ணை மாற்றும் சுற்றுகள்) இருக்கின்றன. அப்புறம், பக்கத்தில் இருப்பவரின் பலமான சிக்னல் தூரத்தில் இருப்பவரின் சிக்னலை அமுக்கிவிடும். அங்கே 4 பிட் திணறும்.

தேன்மொழி: தரவுச் சுமையை ஒப்புக்கொள்கிறேன், அது உண்மையான செலவு. ஆனால் உங்கள் பலகை ஒரு நேரத்தில் நான்கு திசைகளைத்தான் பார்க்கும். என்னுடையது எல்லாத் திசையையும் ஒரேயடியாகக் கேட்கும். போனைத் தேடும் நேரம் குறைந்தால் அதுவும் மிச்சம்தான்.

டவர்_பராமரிப்பு: இருவரும் ரிசீவரையே சுற்றி வருகிறீர்கள். சூடாவது அலையை அனுப்பும் பவர் ஆம்ப்ளிஃபையர். ஓஎஃப்டிஎம் (தரவைப் பல துணை அலைகளில் பிரித்து அனுப்பும் முறை) சிக்னலின் உச்சங்களுக்கு இடம் விட்டு அதைத் தணித்தே ஓட்டுகிறோம். உள்ளே போகும் மின்சாரத்தில் சிறு பங்குதான் அலையாகிறது, மீதியெல்லாம் வெப்பம். ராத்திரி இரண்டு மணிக்குப் பயனரே இல்லை, ஆனாலும் நிலையம் 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை 64 திசை வரைக்கும் அடையாள சிக்னல் அனுப்புகிறது. மில்லிமீட்டர் அலையை, அதாவது இந்த 26 கிகாஹெர்ட்ஸ் பகுதியை, தூங்க விடுங்கள். அதுவரை நிலையத்தின் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தாங்கும்.

தேன்மொழி: அந்தச் சுற்று முழுவதும் 5 மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடும். 20 மில்லிசெகண்டு இடைவெளியை 160 மில்லிசெகண்டு வரை நீட்ட தரநிலையே இடம் தருகிறது.

டவர்_பராமரிப்பு: நீட்டினால் போன் நிலையத்தைக் கண்டுபிடிக்கத் தாமதமாகும். முழுசாக அணைத்து, தேவைப்படும்போது 3.5 வழியாக எழுப்புவதே மேல்.

கதிர்_ஆர்எஃப்: பயனர் இல்லாதபோது பலகை எவ்வளவு இழுக்கிறது என்று நாங்கள் அளந்ததே இல்லை. திங்கட்கிழமை ஆம்ப்ளிஃபையரையும் ஏடிசியையும் தனித்தனியாக அளந்து இங்கே போடுகிறேன். ஹைப்ரிட் பற்றிய என் கருத்து மட்டும் இன்னும் மாறவில்லை.