புதுப்பிப்பு: மணி பிழைத்துவிட்டான்

கால் நொண்டிய எங்கள் நாய் மணிக்கு வீட்டிலிருந்த 400 மி.கி. இபுப்ரோஃபென் வலி மாத்திரை ஒன்றைக் கொடுத்துவிட்டேன், வாந்தி எடுக்கிறான் என்று போன வாரம் எழுதியிருந்தேன். "உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்" என்ற அத்தனை பேருக்கும் நன்றி.

மறுநாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறது என்றார் டாக்டர். மணியின் எடை 12 கிலோதான். இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் இருக்கும் இயற்கைப் பாதுகாப்பையே இந்த மருந்து குலைத்துவிடுமாம். மூன்று நாள் டிரிப்ஸ், புண் ஆற மருந்து. கிரியேட்டினின் (சிறுநீரகம் கெட்டால் இரத்தத்தில் கூடும் கழிவு) ஏறவில்லை என்றதும்தான் எனக்கு மூச்சே வந்தது.

பாராசிட்டமால் கொடுக்கலாமா என்று கேட்டவருக்கு: நீங்களாகக் கொடுக்காதீர்கள். அளவு கூடினால் கல்லீரல் போய்விடும். பூனைக்கு ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும்.

நொண்டலுக்குக் காரணம் பாதத்தில் ஏறிய கருவேல முள். எடுத்ததும் சரியாகிவிட்டது. இன்று காலை தயிர்சோற்றுக் கிண்ணத்தை நக்கித் துடைத்துவிட்டான்.