மறு: 'கென்னிங்' – புதைபெயர் எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு பொருளை நேராகப் பெயர் சொல்லாமல் வேறொரு தொடரால் சுட்டும் 'கென்னிங்'குக்குத் தமிழில் புதுச்சொல் எதற்கு, அன்மொழித்தொகை என்றே சொல்லிவிடலாமே என்று நம் குழுவில் ஐயா கேட்டிருந்தார். எனக்கும் முதலில் அது சரியாகத்தான் பட்டது. ஐஸ்லாந்துக் கவிஞர் கெர்தூர் கிறிஸ்ட்னியின் 'ப்லோத்ஹோப்னிர்' என்ற நெடுங்கவிதை பற்றி எழுத உட்கார்ந்தபோதுதான் இடித்தது.

கெர்தூர் 1970இல் பிறந்தவர், ரெய்க்யாவிக்கில் வளர்ந்தவர். கவிதை, நாவல், சிறுவர் கதை எல்லாம் எழுதுகிறார். ஒரு மாத இதழின் ஆசிரியராகவும் இருந்தார். 2010இல் வந்த இந்த நெடுங்கவிதைக்கு ஐஸ்லாந்து இலக்கியப் பரிசு கிடைத்தது.

கென்னிங் என்பது அந்நாட்டுப் பழங்கவிகளின் பழக்கம். கப்பலைக் கப்பல் என்று சொல்லமாட்டார்கள், 'கடலின் குதிரை' என்பார்கள். பொன் என்றால் 'பிரெய்யாவின் கண்ணீர்', பிரெய்யா ஒரு தேவி. கவிதையே 'குவாசிரின் இரத்தம்'. குவாசிர் என்ற அறிவாளியைக் கொன்று, அவன் இரத்தத்தில் தேன் கலந்து செய்த மதுவைக் குடித்தவன் கவியாவான் என்று ஒரு கதை. அது தெரியாதவனுக்கு இந்தத் தொடர் புரியாது. அதனால்தான் 13ஆம் நூற்றாண்டில் சுனோரி ஸ்துர்லுசன் இதையெல்லாம் விளக்கிக் கையேடே எழுதிவைத்தார்.

இப்போது ஐயாவின் யோசனைக்கு வருகிறேன். அன்மொழித்தொகையில் 'பொற்றொடி வந்தாள்' என்றால் பொன்வளையல் அணிந்தவள் வந்தாள் என்று பொருள், தொடி உண்மையாகவே அவள் கையில் இருக்கிறது. கடலின் குதிரையில் குதிரையே கிடையாது. கப்பலைத்தான் குதிரை என்கிறார்கள். பார்க்கப்போனால் இது, பாவை போன்ற பெண்ணைப் பாவை என்றே சொல்லும் 'பாவை வந்தாள்' என்கிற உவமையாகுபெயருக்குத்தான் நெருக்கம். ஆனால் பாவை ஒற்றைச் சொல். கென்னிங்குக்குக் குறைந்தது இரண்டு வேண்டும்: ஒரு அடிச்சொல், அதை வேறு பக்கம் திருப்பிவிடும் ஒரு அடைச்சொல். அந்த அடைச்சொல்லையும் இன்னொரு கென்னிங்கால் மூடலாம். கடலைத் 'திமிங்கில நிலம்' என்று வைத்துக்கொண்டால், கப்பல் 'திமிங்கில நிலத்துக் குதிரை' ஆகிவிடும். இப்படி அடுக்கிக்கொண்டே போவார்கள்.

'உருவகத்தொடர்' என்று இன்னொருவர் சொன்னது ரொம்ப அகலம். துன்பக்கடலும் உருவகம்தான், ஆனால் அதில் துன்பம் வெளியே தெரிகிறது. இங்கே சொல்லவந்த பொருள் கண்ணிலேயே படாது.

ஆகவே என் பரிந்துரை: புதைபெயர். புதைபொருள், புதைகுழி எல்லாம் நமக்குப் பழகியவை என்பதால் காதில் உறுத்தாது. 'புதை' என்றதும் சுடுகாட்டு நினைவு வருகிறது என்பீர்கள். அந்தக் கவிதைகளில் பாதி கொலையும் போரும்தான், பரவாயில்லை. குதிரைக்குப் பரி, புரவி, மா என்று நம் நிகண்டு அடுக்குவதுபோல அவர்களுக்கும் ஒற்றைச் சொற்கள் உண்டு, 'ஹெய்தி' என்று பெயர். அதைச் செய்யுட்பெயர் என்று தனியே வைத்துக்கொள்வோம், குழப்பம் வராது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அங்கே பெண்ணுக்கான புதைபெயர்களில் பல, ஒரு தேவியின் பெயரோடு பொன்னையோ வளையத்தையோ சேர்த்துச் சொல்பவை. பொற்றொடிக்குப் பக்கத்து வீடுதான். கெர்தூரின் கவிதை அந்த இடத்தில்தான் குத்துகிறது. மூலக்கதை, எட்டா என்ற பழம்பாடல் தொகுப்பில் வரும் 'ஸ்கீர்னிஸ்மால்' பாட்டு. ஒரு அரக்கர் குலப் பெண்மேல் ஆசைப்பட்ட பிரெய்ர் என்ற தேவன் ஸ்கீர்னிர் என்ற ஏவலாளைத் தூது அனுப்புகிறான். அவன் 11 பொன் ஆப்பிள் தருகிறேன் என்கிறான், மோதிரம் தருகிறேன் என்கிறான். என் தந்தை வீட்டில் பொன்னுக்குக் குறைவில்லை என்கிறாள் அவள். பிறகு வாளைக் காட்டுகிறான், சாபம் போடுவேன் என்கிறான், அவள் இணங்குகிறாள். காதல் கதை என்று வெகுகாலம் படித்துவந்ததை, கெர்தூர் அந்தப் பெண்ணின் வாயால், கடத்தப்பட்டவளின் கதையாகச் சொல்கிறார். அவள் பெயரும் கெர்தூர்தான். பழைய ஆரவாரத் தொடர்களும் இல்லை. வரிக்கு இரண்டு மூன்று சொல், அவ்வளவுதான்.

2014இல் வந்த 'த்ராபா'வும் இப்படித்தான். அரசனைப் புகழ்ந்து பாடும் பழைய பாவகையின் பெயர் அது. 'த்ராப்' என்றால் கொலை. ஒரு பெண்ணின் கொலையைப் பாடும் நூலுக்கு அந்தப் பெயரை வைத்தார். இந்தச் சிலேடையைத் தமிழில் கொண்டுவர எனக்கு வழி தெரியவில்லை.

கடைசியாக ஒரு சந்தேகம். ப்லோத்ஹோப்னிர் ஒரு குதிரையின் பெயர், இரத்தக் குளம்பு உடையது என்று பொருள். குருதிக்குளம்பன் என்று எழுதியிருந்தேன். இதுதான் அசல் அன்மொழித்தொகை ஆயிற்றே, 'அன்' விகுதி எதற்கு, குருதிக்குளம்பு என்றே விட்டால் போதுமா? ஐயாதான் சொல்ல வேண்டும்.