புதுப்பிப்பு: பி.காம். படித்துக்கொண்டே நர்சிங் உதவியாளர் வேலை கிடைத்துவிட்டது

பி.காம். படிப்பை விடாமல் நோயாளி பராமரிப்பில் அனுபவம் பெற வடசென்னையில் வழி உண்டா என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பெரிய ஆஸ்பத்திரிகளில் சான்றிதழ் கேட்டார்கள். வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சிகளில் 12 மணி நேர ஷிஃப்ட், கல்லூரியோடு ஒத்துவராது. பலித்தது, "சின்ன நர்சிங் ஹோமுக்கு நேரில் போய் சிஸ்டர் இன்சார்ஜைப் (பொறுப்பு நர்ஸைப்) பாருங்கள்" என்று ஒரு அக்கா சொன்னதுதான். தண்டையார்பேட்டையில் மாலை ஷிஃப்ட் கொடுத்தார்கள். சம்பளம் பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாகப் போகிறது.

படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, பெட்பேன் (படுக்கையிலேயே மலஜலம் கழிக்க வைக்கும் பாத்திரம்) வைப்பது, பிபி பார்த்து எழுதுவது, இவைதான் வேலை. ஊசி, மருந்துப் பக்கமே விடமாட்டார்கள், அதுதான் சரி. எதிர்பாராதது, ஆஸ்பத்திரிக் குப்பையைப் பிரித்துப் போடும் பாடம்: ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், டியூபும் கையுறையும் சிவப்புப் பையில், ஊசி வெள்ளை டப்பாவில். சிஸ்டர் போகிற போக்கில் திடீரென்று கேட்பார், பட்டென்று சொல்ல வேண்டும்.

சேருவதற்கு முன்பே ஹெபடைட்டிஸ் பி (ரத்தம் வழியாகவும் பரவும் கல்லீரல் நோய்) தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். 0, 1, 6 மாதம் என மூன்று டோஸ், முடிய அரை வருடம் ஆகும். அப்புறம், அனுபவக் கடிதம் லெட்டர்ஹெட்டில் தருவார்களா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.