புதுப்பிப்பு: முல்லர் குடிலுக்குப் போய் வந்தாச்சு

நியூசிலாந்தின் மவுண்ட் குக் மலைப் பக்கம், மலையேறுபவர்கள் இரவு தங்கும் முல்லர் குடிலுக்கு, இந்த முழங்காலோடு ஏற முடியுமா, அடுப்பும் தூக்க வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஏறிவிட்டேன், மெதுவாகத்தான். வழியில் இருக்கும் சீலி டார்ன்ஸ் என்ற சின்ன மலைக்குளங்கள் வரை சுமார் 2,200 படிகள். ஏறும்போது மூச்சு வாங்கியதோடு சரி; முழங்கால் கதறியது இறங்கும்போது. இரண்டு ஊன்றுகோல் எடுத்துப் போகச் சொன்னவர் நன்றாக இருக்கட்டும்! படிகளுக்கு மேலே பாறைக் குவியல்தான், ஆரஞ்சு அடையாளங்களைப் பார்த்தே நடக்க வேண்டும்.

குடில் 1,800 மீட்டர் உயரத்தில், 28 படுக்கைகளோடு. கோடையில் கேஸ் அடுப்பு அங்கேயே உண்டு. தொட்டித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தோம். அப்புறம், பூட்ஸை வெளியே விட்டது என் தப்பு. கியா கிளி நாடாவைக் குதறிவிட்டது.