பிரேக்கில் ‘ஏர் எடுப்பதற்கு’ ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

நாமக்கல் தொழிற்பயிற்சி ஆசிரியர்:

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

பழைய பிக்கப் வாங்கி ஓட்டுகிறவர்களுக்காக ஒரு சின்னக் கையேடு தயாரிக்கிறோம். எங்கள் பக்கம் பெரும்பாலும் குட்டி யானை (டாடா ஏஸ்), அடுத்தது பொலிரோ பிக்கப். என்ஜின் ஆயில் மாற்றுவது, ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்வது, கிரீஸ் வைப்பது, டயருக்குக் காற்றுப் பார்ப்பது என்று வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலைகள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு இடத்தில் மட்டும் நிற்கிறேன்.

பிரேக் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் பெடல் அடிவரை இறங்கும். இரண்டு மூன்று முறை அடித்தால்தான் பிடிக்கும். அந்தக் காற்றை வெளியேற்றும் வேலையைப் பட்டறையில் ‘ஏர் எடுக்கிறது’ என்கிறோம், ‘ப்ளீட் பண்றது’ என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘ப்ளீட்’ என்றால் இரத்தம் வடிவது என்றும் பொருள், அதனால் கணினியில் போட்டு மொழிபெயர்த்தவர் ‘பிரேக் இரத்தப்போக்கு’ என்று கொண்டுவந்து கொடுத்தார். அதை அடித்துவிட்டேன், இடம் காலியாக இருக்கிறது.

வேலை தெரியாதவர்களுக்காகச் செய்முறை: சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சிறிய நிப்பிள் இருக்கும். அதில் நிறமில்லாத ட்யூபைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கி வைப்போம். உள்ளே இருப்பவர் பெடலை அடித்து மிதித்தபடி பிடித்துக்கொள்வார். கீழே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திருகினால் குமிழியோடு ஆயில் வரும். பெடலை விடுவதற்கு முன்னால் நிப்பிளை மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெளிக்காற்று உள்ளே இழுத்துக்கொள்ளும். குமிழி வருவது நிற்கும்வரை இதே வேலைதான். நம் ஊர் வண்டியில் ஸ்டீயரிங் வலப்பக்கம் என்பதால், பொதுவாகத் தூரத்தில் இருக்கும் இடது பின்சக்கரத்தில் தொடங்குவோம்.

இதற்கு ஒரு சொல் தாருங்கள். ‘பிரேக் ஆயில்’ என்பதற்கும் நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

---

தஞ்சாவூர் தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு):

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘வளிவடிப்பு’ என்று வையுங்கள். ஐம்பூதங்களைச் சொல்லும்போது தொல்காப்பியர் ‘நிலம் தீ நீர் வளி விசும்பு’ என்றுதான் சொல்கிறார். வடிதல் தன்வினை, வடித்தல் பிறவினை. காற்று தானாக வடிவதில்லை, நாம் வடிக்கிறோம். ஆகவே வடிப்பு. கஞ்சி வடிக்கிறோம், வடிகால் வெட்டுகிறோம். வேண்டாததை வெளியேற்றி வேண்டியதை நிறுத்திக்கொள்ளும் செயலுக்கு இதைவிடப் பொருத்தமான வினை தமிழில் இல்லை.

பிரேக் ‘தடுப்பு’ ஆகலாம். அதனுள் இருப்பது ‘தடுப்புப் பாய்மம்’. பாய்மம் இன்று பள்ளிப் பாடநூலிலேயே வந்துவிட்ட சொல்.

வண்டியின் பெயர் பற்றியும் ஒன்று. யானையின் இளமைப்பெயர் கன்று என்கிறது தொல்காப்பியத்தின் மரபியல். யானை, குதிரை, கழுதை உள்ளிட்ட ஐந்துக்கும் அதுவே. குழவி என்பதும் யானைக்கு உண்டு. குட்டி என்பது மரபன்று. 2005இல் அந்த வண்டி வந்தபோது ‘யானைக்கன்று’ என்று பெயர் நிலைத்திருந்தால் எவ்வளவு அழகாக இருந்திருக்கும்!

---

கோவை தொழில்நுட்ப மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, குட்டி யானையில் குட்டி இளமைப்பெயர் இல்லையே. குட்டித்தூக்கம், குட்டிக்கதை போலச் சிறியது என்ற பொருளில் முன்னால் நிற்கிறது. இந்தியில் வழங்கும் ‘சோட்டா ஹாத்தி’யைத் தமிழ் ஓட்டுநர்கள் தங்கள் மொழியில் சொல்லிக்கொண்டார்கள். இரண்டு சிலிண்டர், 702 சிசி என்ஜினை வைத்துக்கொண்டு அது சுமக்கும் சுமைக்கு நல்ல பெயர்தான்.

வடிப்பை நான் ஏற்கத் தயங்குவதற்குக் காரணம் வேறு. இதே கையேட்டில் என்ஜின் ஆயில் மாற்றும் பக்கத்தில் ‘பழைய ஆயிலை முழுவதும் வடியுங்கள்’ என்று வரும். அதைப் படித்தவர் பத்துப் பக்கம் தள்ளி ‘வடிப்பு’ என்று பார்த்தால் என்ன செய்வார்? பிரேக்கிலும் முழுவதும் வடிப்பார். மேலே பிரேக் ஆயில் ஊற்றி வைக்கும் டப்பா காலியாகி, வெளியேற்ற வேண்டிய காற்றைவிடப் பல மடங்கு காற்று உள்ளே போய்விடும். இந்த வேலையில் டப்பா வற்றவே கூடாது, நடுநடுவே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பாய்மமும் இங்கே ஒத்துவராது. நீர்மமும் பாய்மம்தான், காற்றும் பாய்மம்தான். நீர்மத்தைச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். அந்த வேறுபாட்டால்தான் பெடல் உள்ளே போகிறது. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தால் வேலையின் காரணமே மறைந்துபோகும். ‘காற்று நீக்கம்’, ‘பிரேக் நீர்மம்’. இவை போதும்.

---

யாழ்ப்பாணத்திலிருந்து:

அன்பர்களே, எங்கள் பக்கம் இதே ரக வண்டியைப் ‘பட்டா’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். செய்தித்தாளிலும் ‘பட்டா ரக வாகனம்’ என்றே வரும். போன மாதம் இந்தக் குழுமத்தில் ஒருவர் ‘பட்டா உடைந்துவிட்டது’ என்று எழுதியதைப் பார்த்து முழு வாகனமும் போய்விட்டதாக நினைத்தேன். பிறகுதான் உங்கள் பட்டறைகளில் அது சக்கரத்துக்கு மேலே இருக்கும் வில்லுத் தகட்டின் (லீஃப் ஸ்பிரிங்) பெயர் என்று தெரிந்தது.

‘நீர்மம்’ எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை. நாங்கள் படித்ததும் படிப்பிப்பதும் திரவம். கையேடு இணையத்தில் வந்தால் இங்கேயும் படிப்பார்கள், ஆகையால் திரவத்தையும் எண்ணிப் பாருங்கள்.

‘மசகு’ வரும் இடத்திலும் கவனம் தேவை. பழைய நாளில் வண்டி அச்சுக்குப் பூசிய மசகைத்தான் நீங்கள் கிரீசுக்குச் சொல்வீர்கள். இங்கே செய்திகளில் ‘மசகு எண்ணெய்’ என்றால் நிலத்திலிருந்து எடுக்கும் எண்ணெய், நீங்கள் கச்சா எண்ணெய் என்பது.

---

தருமபுரி மெக்கானிக்:

எல்லோருக்கும் வணக்கம். நான் குழுமத்தில் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இதற்கு எழுதியே ஆக வேண்டும்.

ஆசிரியர் சார், ‘ஏர் எடுப்பது’க்கு நீங்கள் எந்தச் சொல் வைத்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ‘பிரேக் ஆயில்’ என்ற பேர்தான் ஆபத்து. நீங்களே மடலில் இரண்டு இடத்தில் ஆயில் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். நானும் வாயால் அப்படித்தான் சொல்கிறேன்.

ஒரு தக்காளி வியாபாரி வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார். நாலு சக்கரமும் பிடித்துக்கொண்டு விடவில்லை, பின் டிரம் கை வைக்க முடியாத சூடு. பானெட்டைத் திறந்து பிரேக் டப்பாவின் மூடியைக் கழற்றினேன். மூடிக்குள் இருக்கும் ரப்பர் உப்பி, அலை அலையாக நெளிந்து, திரும்ப மூடிக்குள் உட்காரவே இல்லை. அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. டப்பாவில் அளவு குறைந்திருக்கிறது, ‘பிரேக் ஆயில்தானே’ என்று வீட்டில் மிச்சம் இருந்த என்ஜின் ஆயிலை ஊற்றியிருக்கிறார். மாஸ்டர் சிலிண்டர் வாஷர், வீல் சிலிண்டர் வாஷர், காலிபர் சீல், ஹோஸ் என்று ரப்பர் எல்லாவற்றையும் மாற்றி, இரும்புக் குழாயைக் கழுவி எடுக்க வேண்டியதாகிவிட்டது. மலை இறக்கத்தில் போயிருந்தால் அவர் நிலைமை என்ன?

அவர் மேல் தப்பில்லை. ஆயில் என்று பேர் வைத்தால் ஆயிலைத்தான் ஊற்றுவார்கள். பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றும் சிவப்பு ஆயிலும் இதே கதிதான் செய்யும்.

எதை ஊற்றினார்கள் என்று சந்தேகம் வந்தால் நான் செய்வது: டப்பாவிலிருந்து ரெண்டு சொட்டு எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் விடுவேன். பிரேக்குக்கென்றே விற்கும் சாதாரண டாட் 3, டாட் 4 ரகம் என்றால் தண்ணீரில் கலந்துவிடும். எண்ணெய் என்றால் மேலே மிதக்கும். தண்ணீரோடு கலப்பதை எண்ணெய் என்று எப்படிச் சொல்வது? தமிழ் படித்தவர்கள் முதலில் இதற்கு வழி சொல்லுங்கள்.

---

தஞ்சாவூர் பேராசிரியர்:

தருமபுரித் தம்பிக்கு வணக்கம். உங்கள் மடல் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது.

எண்ணெய் என்பது எள் + நெய். ளகரமும் நகரமும் சேர்ந்து ண்ண ஆயின. முதலில் எள்ளிலிருந்து ஆட்டியது மட்டுமே எண்ணெய். பிறகு தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், மண்ணெண்ணெய் என்று பொருள் விரிந்துகொண்டே போயிற்று. எள்ளுக்குத் தொடர்பே இல்லாதவற்றையும் அந்தச் சொல் தழுவிக்கொண்டது. ‘ஆயில்’ தமிழில் புகுந்தபோது எண்ணெயின் இந்த விரிந்த பொருள் முழுவதும் அதற்கும் வந்துவிட்டது. தகர டப்பாவில் வரும் வழவழப்பான எதுவும் ஆயில்தான். ஆகவே உங்கள் வியாபாரி செய்தது மொழி வழக்குப்படி சரியாகவே இருக்கிறது. நீர்மம் என்பதற்கு நான் உடன்படுகிறேன், பாய்மத்தை விட்டுவிடுகிறேன்.

‘பிரேக்’ பற்றி ஓர் இலக்கணக் குறிப்பு. வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது. ‘பிரேக்’ என்று ககர ஒற்றில் நிறுத்தி எழுதுவது படித்தவர் வழக்கம். ‘பிரேக்கு’ என்று உகரம் சேர்த்துச் சொல்லும் மெக்கானிக்கின் நாக்குதான் தமிழ் விதிப்படி நடக்கிறது. கடன்சொல்லை எடுத்தால் நம் எழுத்துக்கு ஏற்ப எடு என்பதே வடசொற்களுக்குத் தொல்காப்பியர் காட்டிய வழி. தடுப்பு வேண்டாம் என்றால் ‘பிரேக்கு’ என்று அச்சிடுங்கள்.

ஆனால் வடிப்பை விடமாட்டேன். நீர்மம் வடியாமல் வளி வெளியே வராது. செய்முறையை எழுதிய ஆசிரியரே ‘குமிழியோடு ஆயில் வரும்’ என்கிறார்.

கையேட்டில் ஸ்டெப்னி வருமானால் ‘சேமச் சக்கரம்’ என்று போடுங்கள். புறநானூறு 102இல் ஔவையார், உப்பு வணிகர் வண்டியின் கீழ்மரத்தில் கட்டிவைத்த ‘சேம அச்சு’ என்கிறார். பள்ளத்தில் இறங்கலாம், மேட்டில் ஏறலாம், வழியில் என்ன ஆகும் என்று யார் அறிவார் என்று மாற்று அச்சோடு கிளம்பியவர்கள் அவர்கள். பண்டம் மிகுதியாக ஏற்றினால் அச்சு முறியும் என்ற குறளை (475) அதிகச் சுமை பற்றிய பக்கத்தில் சேர்க்கலாம். இன்றைய பிக்கப்புக்கு அப்படியே பொருந்துகிறது.

---

கோவை மொழிபெயர்ப்பாளர்:

சேமச் சக்கரம் அருமை ஐயா. படிக்கிறவர் ஸ்டெப்னி என்று அறிந்ததை முதலில் சொல்லிவிட்டு இதை அடுத்து வைத்தால் நிலைக்கும். ‘வேகத்தடை’ அப்படித்தான் நிலைத்தது. சாலையோரப் பலகையில், அந்த மேட்டுக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்தார்கள், பொருளைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

‘காற்று நீக்கம்’ என்று நான் சொன்னதைவிட மெக்கானிக் சொல்லும் ‘எடுப்பது’ மேல் என்று இப்போது தோன்றுகிறது. முள் எடுப்பது, பேன் எடுப்பது என்று உள்ளே சிக்கியிருக்கும் வேண்டாததை வெளியே கொண்டுவருவதற்கு நாம் தினமும் சொல்லும் வினை அது. டயர் விஷயத்தோடும் குழம்பாது. அங்கே காற்று அடிப்போம், பிடிப்போம், இறக்குவோம், பிடுங்கிவிடுவோம். ‘எடுப்பது’ மட்டும் காலியாக இருக்கிறது. காற்று + எடுப்பு = காற்றெடுப்பு. டீசல் தீர்ந்துபோய், குழாயில் காற்று அடைத்து ஏர் லாக் ஆன வண்டியில் கைப்பம்பு அடித்துக் காற்றை வெளியேற்றுவதற்கும் இதே சொல் ஆகும்.

---

யாழ்ப்பாணத்திலிருந்து:

காற்றெடுப்பு எங்கள் காதுக்கும் பொருந்துகிறது. நீர்மம் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. திரவம் வடசொல் என்பதால் ஒதுக்குகிறீர்கள் என்றால், அதே பக்கத்தில் மாஸ்டர் சிலிண்டரும் காலிபரும் இருக்கின்றனவே. ஒரு சொல்லுக்கு மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு?

---

குழும மட்டுறுத்துநர்:

குழவியா கன்றா என்பதற்கு வந்த பதினோரு மடல்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே கையேட்டுக்கான சொற்கள் மட்டும்.

---

நாமக்கல் ஆசிரியர்:

அனைவருக்கும் நன்றி. நாளை காலை பக்கங்கள் போகின்றன. நான் எடுத்துக்கொண்டது:

தலைப்பு ‘பிரேக்கில் காற்றெடுப்பு’. வகுப்பில் பையன்களிடம் ‘வளிவடிப்பு’ என்று சொல்லிப் பார்த்தேன், பின்னால் இருந்தவன் வயிற்று வாயுவா சார் என்றான். வளி பழைய மருத்துவச் சொல்லும்கூட என்பதால் அவன் கேட்டதிலும் பொருள் இருக்கிறது.

பிரேக் ஆயிலுக்குக் கையேடு முழுவதும் ‘பிரேக் நீர்மம்’. முதன்முறை வரும் இடத்தில் கட்டம் கட்டி இப்படி அச்சிடுகிறேன்: “கடையில் இதைப் பிரேக் ஆயில் என்பார்கள். இது எண்ணெய் அன்று. எந்த எண்ணெயையும் இந்த டப்பாவில் ஊற்றாதீர்கள், பிரேக்கின் ரப்பர்கள் உப்பிவிடும். டப்பாவின் மூடியில் டாட் 3, டாட் 4 எது எழுதியிருக்கிறதோ அதையே, சீல் உடைக்காததாகப் பார்த்து வாங்குங்கள். திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு சூட்டில் கொதித்து ஆவியாகி பெடலை இறக்கிவிடும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.” ஈரம் பற்றிய வரிக்கு ஆதாரம் தேடுபவர்களுக்கு: டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிய நிலைக்கான வரம்பு 140 டிகிரிதான்.

தருமபுரித் தம்பியின் டம்ளர் சோதனையையும் சேர்த்துவிட்டேன். இணையப் பதிப்பில் ‘நீர்மம்’ பக்கத்தில் ‘திரவம்’ என்றும் இருக்கும். சேமச் சக்கரம் ஏறிவிட்டது. குறளுக்கு இடம் கிடைத்தால் பின்னட்டையில் வரும். ‘பிரேக்கு’ என்று உகரம் சேர்க்க அச்சகத்தில் ஒப்புக்கொள்ளவில்லை, எழுத்துப்பிழை என்கிறார்கள்.

---

தருமபுரி மெக்கானிக்:

கட்டம் நன்றாக இருக்கிறது சார். ‘எண்ணெய் அன்று’ என்பதை ‘எண்ணெய் இல்லை’ என்று மாற்றுங்கள். ‘அன்று’ என்றால் அன்றைக்கு என்று படித்துவிடுவார்கள்.

---

தஞ்சாவூர் பேராசிரியர்:

அஃறிணை ஒருமைக்கு ‘அன்று’தான் முறை. ‘இல்லை’ என்றால் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று பொருள்படும், டப்பா காலி என்று நினைத்து அதையே போய் வாங்கி ஊற்றுவார்கள். ‘அன்று’ ஐயம் தருமானால் ‘அல்ல’ என்று போடுங்கள். பன்மைக்கு உரியது என்றாலும் உயிர் காக்கும் இடத்தில் நான் தடுக்கமாட்டேன்.

காற்றெடுப்புக்கு மட்டும் என் உடன்பாடு இல்லை என்பதைப் பதிவு செய்யுங்கள். என் பட்டியலில் அது வளிவடிப்பு என்றே இருக்கும்.