போவே பேராலயத்தில் பாதி எங்கே போனது?

மணற்கல்
பிரான்சின் பழைய பேராலயங்களின் தரைப்படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அமியான், சார்த்ர் எல்லாம் புரிகிறது. பாரிசுக்கு வடக்கே உள்ள போவேயில்தான் குழப்பம். பலிபீடப் பகுதி இருக்கிறது, சிலுவை வடிவத் தரைப்படத்தின் இரண்டு கைகளும் இருக்கின்றன, மக்கள் கூடும் நீள மண்டபத்தை மட்டும் காணோம். மேற்கே வெறும் சுவர். உலகப் போரில் குண்டு விழுந்து போனதா, கட்டவே இல்லையா? தேடினால் "ஆணவத்தால் இடிந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். யாராவது விவரமாகச் சொல்லுங்கள்.

லாசப்பல் சித்தப்பா
குண்டு இல்லை தம்பி. 1940 ஜூனில் ஊரின் நடுப்பகுதி எரிந்து சாம்பலானது, பேராலயம் தப்பிவிட்டது. நீள மண்டபம் கட்டப்படவே இல்லை. இங்கே நடந்தவை இரண்டு தனித்தனி இடிவுகள், நடுவே கிட்டத்தட்ட 300 ஆண்டுகள். இரண்டையும் ஒன்றாகக் குழைப்பதால்தான் அந்த "ஆணவ" வரி வருகிறது.

1225-ல் பழைய ஆலயம் தீப்பிடித்த பிறகு ஆயர் மிலோன் தெ நாந்தெய் புதியதைத் தொடங்கினார். 1272-ல் பலிபீடப் பகுதி முடிந்தபோது உள்கூரையின் உயரம் 48 மீட்டர். அமியானில் 42, பாரிஸ் நோத்ர தாமில் 33தான். 12 ஆண்டுகள் நின்றது. 1284 நவம்பர் 29 அன்று கூரையில் ஒரு பகுதி விழுந்தது. அதன் பிறகாவது உயரத்தைக் குறைத்தார்களா? இல்லை. தூண்களுக்கு நடுவே புதுத் தூண்களை நட்டு, அதே 48 மீட்டரில் கூரையைத் திரும்பப் போட்டார்கள். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். உள்ளே போனால் வளைவுகள் ஒடுங்கி நெருக்கியடித்து நிற்பதைப் பார்க்கலாம்.

அப்புறம் நூறாண்டுப் போர், வேலை கிடப்பில் போனது. 1500-ல் கட்டடக் கலைஞர் மார்த்தன் ஷாம்பீஜ் சிலுவைக் கைகளைத் தொடங்கினார், அவை 1548-ல் முடிந்தன. அடுத்து நீள மண்டபத்தை அல்லவா எழுப்பியிருக்க வேண்டும்? அவர்களோ நடுவில் கோபுரம் கட்டப் போய்விட்டார்கள். 1569-ல் அதன் உச்சி 153 மீட்டர்! தாங்குவதற்குக் கீழே நான்கு பெருந்தூண்கள். கிழக்கே பலிபீடப் பகுதி அவற்றை அணைத்துக்கொண்டது, வடக்கிலும் தெற்கிலும் கைகள் அணைத்துக்கொண்டன. மேற்கே அணைக்க ஒன்றுமில்லை. தூண்கள் அந்தப் பக்கமே சாயத் தொடங்கின. பார்வையிட்ட கொத்தனார்கள் மண்டபத்தின் தொடக்கப் பகுதியையாவது உடனே கட்டச் சொன்னார்கள். பேசிப் பேசியே நாள் போனது. 1573 ஏப்ரல் 30, விண்ணேற்றப் பெருவிழா. மக்கள் பவனியாக வெளியே போயிருந்த நேரத்தில் கோபுரம் சரிந்து விழுந்தது.

விழுந்ததைச் செப்பனிடுவதிலேயே பணம் கரைந்தது. 1600 வாக்கில் மேற்கே சுவரை வைத்து அடைத்துவிட்டு ஓய்ந்தார்கள். அந்தச் சுவரை ஒட்டி ஒரு சின்னப் பழைய ஆலயம் நிற்கிறதே, அது 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மண்டபம் வந்திருந்தால் அதை இடித்திருப்பார்கள்.

சாரக்கட்டு
சித்தப்பா சொன்னதில் 1284 பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன், நான் கட்டடப் பொறியாளன். அந்த முதல் இடிவுக்குக் காரணம் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியோலே லெ துக் சொன்னது: சுண்ணாம்புக் காரை மெல்ல இறுகிச் சுருங்கியதில் பாரம் இடம் மாறி, மேலே இருந்த மெல்லிய இரட்டைத் தூண்கள் முறிந்தன. 1970-களில் அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மார்க் பிளாஸ்டிக் மாதிரி செய்து, அதில் ஒளியைச் செலுத்தி எங்கே எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று சோதித்தார். வெளியே சுவரைத் தாங்கும் வளைவு முட்டுகளில், நடுவரிசைத் தூண்களைப் பலத்த காற்று இழுத்து விரிசல் விட வைத்திருக்கும் என்றார். கல்லைக் கல் அழுத்தினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. அதனால் எனக்கு மார்க் சொல்வதுதான் பொருத்தமாகப் படுகிறது. எப்படியும் இது ஆணவக் கதை இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்க அன்றைக்கு வழியே இல்லை.

மணற்கல்
இரண்டு பேருக்கும் நன்றி. இப்போதாவது உறுதியாக நிற்கிறதா?

லாசப்பல் சித்தப்பா
நிற்கிறது, ஊன்றுகோலோடு. 1960-களில் வெளி முட்டுகளை இணைத்திருந்த பழைய இரும்புக் கம்பிகள் பார்வைக்கு அசிங்கம் என்று பலவற்றைக் கழற்றினார்கள். காற்றில் முட்டுகள் ஆடத் தொடங்கியதும் திரும்ப எஃகுக் கம்பிகளைப் பூட்ட வேண்டியதாயிற்று. உள்ளேயும் 1990-களில் சிலுவைக் கைப் பகுதியில் பெரிய மரச் சட்டங்களை முட்டுக்கொடுத்து வைத்தார்கள். புகைப்படம் எடுப்பவர்கள் அதைத் திட்டுவார்கள். எனக்கென்னவோ அதுவும் கட்டடத்தின் வரலாற்றில் சேர்ந்ததுதான்.

வந்தால் வானியல் கடிகாரத்துக்கு முன்னால் கூட்டம் நிற்கும். 1860-களில் வெரித்தே என்ற கடிகாரக் கலைஞர் செய்தது, 90,000 பாகங்கள். அதைக் கடைசியில் பாருங்கள், முதலில் பலிபீடப் பகுதி. மலிவு விமானத்தில் "பாரிஸ்" என்று வந்து இறங்குகிறவர்கள் பலரும் உண்மையில் இறங்குவது போவேயில்தான். நேரே பஸ் பிடித்து 80 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுகிறார்கள், ஊருக்குள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.