கலைச்சொல் தேவை: பைன் ரிட்ஜ் வரைபடத்தில் ‘ரிசர்வேஷன்’

நண்பர்களுக்கு வணக்கம்.
அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் பைன் ரிட்ஜ் பகுதியைக் காட்டும் பழைய இடவிளக்கப்படத்துக்குத் தமிழ்க் குறிவிளக்கம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பழுப்பில் சம உயரக் கோடுகள், நீலத்தில் உண்டட் நீ ஓடை; இவை எளிது. அமெரிக்கப் பழங்குடிகளுக்கென எல்லை வகுத்த நிலத்தைக் குறிக்கும் ‘இந்தியன் ரிசர்வேஷன்’தான் இடறுகிறது. ‘இடஒதுக்கீடு’ என்றால் கல்லூரிச் சேர்க்கை நினைவுக்கு வரும். ‘பழங்குடி ஒதுக்கிடம்’ சரியா?
– க.

ஐயா, ‘ஒதுக்கிடம்’ என்றால் யாரோ பார்த்து ஒதுக்கிக் கொடுத்ததாகிறது. அரசோடு பழங்குடிகள் செய்த உடன்படிக்கை என்பது அவர்கள் அரசுக்கு அளித்த உரிமை, அளிக்காதவை அவர்களிடமே நிற்கின்றன என்று 1905இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொன்னது. எனவே ‘வைப்புநிலம்’ என்போம். ‘வைப்பு’ நிலத்தையும் ஊரையும் குறித்த பழஞ்சொல். தேவார வைப்புத்தலங்களை எண்ணிப் பாருங்கள்.
– மு.

வைப்புத்தலம் என்பது தனிப் பதிகம் இல்லாமல் பிற பதிகங்களில் வைத்துப் பாடப்பட்ட தலம். அந்த ‘வைப்பு’ நிலமன்று. இன்று ‘வைப்பு’ என்றாலே வங்கிதான். மேலும், பைன் ரிட்ஜ் பழங்குடிகளான லகோட்டா மக்களோடு அமெரிக்க அரசு 1868இல் செய்த லாராமி கோட்டை உடன்படிக்கையின் 2ஆம் பிரிவே ‘ஒதுக்கி வைக்கப்படுகிறது’ என்ற பொருளில்தான் பேசுகிறது. மாணவருக்குப் புரிவதை எழுதுங்கள்.
– செ.

‘புல்வெளி’ என்பதை ‘முல்லை’ ஆக்கலாமே? மேய்ச்சல் நிலந்தானே!
– தி.

முல்லை ‘காடுறை உலகம்’. மரம் அரிதான சமவெளிக்குப் பொருந்தாது.
– செ.

ஒரு சிக்கலை யாரும் தொடவில்லை. ஓடை வளைந்து வளைந்து போகிறது. அதன் வளைவுகளைப் பொருட்படுத்தாமல் மேலே சதுரக் கட்டங்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். பழங்குடிகளின் பொது நிலத்தைத் தனித்தனியாகப் பிரித்த 1887ஆம் ஆண்டுச் சட்டம் குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர், அதாவது கால் கட்டம், என்றது. அந்தத் துண்டுக்குத்தான் ‘ஒதுக்கீடு’ தேவை. இரண்டுக்கும் ஒரே வேர் என்றால், பொது நிலம் எது, தனியார் துண்டு எது என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்?
– வ.

நன்றி. துண்டுக்குப் ‘பங்குநிலம்’ என்று போடுகிறேன். பெரும்பாலோர் விருப்பப்படி ‘பழங்குடி ஒதுக்கிடம்’ நிற்கட்டும்.
– க.

என் மறுப்பு நிற்கிறது. 1889இல் லகோட்டா மக்களின் பெருநிலத்தைச் சட்டம் போட்டுத் துண்டாடி மிச்சத்தை எடுத்துக்கொண்டது அரசு. அந்த அரசை நிலம் ஒதுக்கிய கொடையாளியாகக் காட்டும் சொல்லை நான் எழுத மாட்டேன்.
– மு.